‘பினாங்கு’ எத்தனை எழுத்து? எடிட்டருக்குள் வைக்க ஒரு மொழி தேடிய கதை

‘பினாங்கு’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பி, னா, ங், கு. நான்கு. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளையும் விரல் மடக்கி இதையே சொல்லும். லுவா என்ற நிரல்மொழியைக் கேட்டால் 24 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் பைத்தானும் 8 என்கின்றன. யாரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு பொருளை எண்ணுகிறார்கள். வலைப்பக்கம் எழுதுவதற்கான ஓர் எடிட்டருக்குள் எந்த ஸ்கிரிப்ட் மொழியை வைப்பது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, இந்த எண்ணிக்கைத் தகராறு கடைசியில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டது.

நாங்கள் என்றால் நான்கு பேர். பாயான் லெப்பாஸில் சிப் வடிவமைப்பு வேலையில் இருக்கும் ஓர் அண்ணன், கல்லூரியை முடித்துவிட்டு லினக்ஸே கதி என்று கிடக்கும் ஒரு தம்பி, பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியை, அப்புறம் வலைப்பக்கம் செய்து பிழைக்கும் நான். கோயில் திருவிழா அறிவிப்பு, பள்ளிச் செய்தி, சங்கத்தின் ஆண்டுக்கூட்ட விவரம் என்று சின்னச் சின்னப் பக்கங்களை எழுதுகிறவர்களுக்கு ஓர் எளிய எடிட்டர் செய்யலாம் என்பது எண்ணம். வேர்டில் தட்டியதை அப்படியே ஒட்டி, பக்கம் முழுக்கக் குப்பைக் குறியீடாக வந்து நிற்பதைத் துடைத்துத் துடைத்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. எடிட்டரின் உடம்பு சின்னதாக இருக்கட்டும், மற்றதெல்லாம் நீட்சிகளாக, அதாவது பிறகு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களாக வரட்டும் என்று முதல் நாளே பேசி முடித்துவிட்டோம். அந்த நீட்சிகளை எந்த மொழியில் எழுதுவது என்பதில்தான் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

பாயான் பாருவில் ஒரு மாமாக் கடை எங்கள் அலுவலகம். பசியாறிக்கொண்டே பேச்சு. அண்ணன் டிக்கிள் என்றார். தம்பி லுவா என்றான். டீச்சர் பைத்தான் என்றார். நான் ஜாவாஸ்கிரிப்ட் என்றேன். அவரவர் சோற்றுக்கு எது உதவுகிறதோ அதையே நால்வரும் சொல்லியிருக்கிறோம் என்பது தே தாரிக் ஆறிய பிறகுதான் உறைத்தது.

முதலில், எடிட்டருக்குள் ஸ்கிரிப்ட் மொழிக்கு என்ன வேலை? பினாங்குக்காரர்களுக்குக் கோப்பித்தியாமை, அதாவது காப்பிக்கடையைச் சொன்னால் போதும். கடைக்காரர் தண்ணி மட்டும்தான் கலக்குவார். சாப்பாடெல்லாம் கடைக்குள் வண்டி போட்டிருப்பவர்களுடையது. கொய்தியாவ் ஒருவர், லக்சா ஒருவர். லக்சா எப்படிச் செய்வது என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. மேசை, நாற்காலி, விளக்கு, கழுவ இடம் எல்லாம் கொடுத்துவிட்டு வாடகை வாங்கிக்கொள்வார். எடிட்டர் அந்தக் கடைக்காரர். திறந்திருக்கும் கோப்பு, கர்சர் நிற்கும் இடம், எந்த விசை அழுத்தப்பட்டது, கோப்பு எப்போது சேமிக்கப்பட்டது ஆகியவற்றை நீட்சிக்குத் தெரியப்படுத்துகிறது. நீட்சி தன் சமையலைச் செய்து, ‘இந்த வரியை இப்படி மாற்று’ என்று திருப்பிச் சொல்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் எந்த மொழியில் நடக்கும், வண்டிக்காரர் கடையின் கல்லாப்பெட்டி வரை கை நீட்டலாமா கூடாதா, இந்த இரண்டும்தான் முடிவு செய்யப்பட வேண்டியவை. ஆட்கள் முதலாவதைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள், இரண்டாவதை மறந்துவிடுவார்கள். நாங்களும் மறந்தோம்.

இந்தச் சண்டை ஒன்றும் புதிதில்லை. ஈமேக்ஸ் 1976இல் பிறந்தபோது டெக்கோ என்ற இன்னொரு எடிட்டரின் மேக்ரோக்களாக, அதாவது கட்டளைத் தொகுப்புகளாகத்தான் இருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனு ஈமேக்ஸ் லிஸ்ப் மொழியை உள்ளே வைத்தது. வைத்தது என்பதைவிட, லிஸ்பின் மேல் எடிட்டரைக் கட்டினார் என்பதே சரி. ஈமேக்ஸின் பெரும்பகுதி லிஸ்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் நீட்சி எழுதுகிறவருக்கும் எடிட்டரை எழுதியவருக்கும் கையில் ஒரே கருவி. நாற்பது ஆண்டு தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அடைப்புக்குறிகளைப் பார்த்தாலே தலைதெறிக்க ஓடுகிறவர்கள் என் தொழிலில் நிறையப் பேர் உண்டு.

விம் வேறு வழியில் போனது. பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட விம்மில், எடிட்டருக்குக் கொடுக்கும் கட்டளைகளையே ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தார்கள். அதற்கு நிபந்தனை வந்தது, சுழற்சி வந்தது, ஒரு நாள் பார்த்தால் அது ஒரு மொழியாகிவிட்டிருந்தது. திட்டம் போட்டு வளர்ந்த பிள்ளை இல்லை. 2014இல் தொடங்கிய நியோவிம் லுவாவை உள்ளே கொண்டுவந்து, 2021இல் வந்த 0.5 பதிப்பில் அமைப்புக் கோப்பையே முழுக்க லுவாவில் எழுதலாம் என்றாக்கியது. மூலனார் 2022இல் விம் 9 உடன் பழைய ஸ்கிரிப்டை வேகப்படுத்திப் புதுப்பித்தார். ஒரே பரம்பரை, இரண்டு பங்காளி வீடு, இரண்டு மொழி. ஒன்றுக்கு எழுதியது மற்றதில் ஓடுவதற்கு இன்று உத்தரவாதம் இல்லை.

அண்ணனின் டிக்கிளுக்கு வருவோம். மற்றவர்கள் சிரித்துக் கடந்துபோன அந்த மொழிதான் இந்தக் கேள்விக்கு நேராக விடை தேடியது. 1988இல் ஜான் ஆஸ்டர்ஹவுட் பெர்க்லியில் சிப் வடிவமைப்புக் கருவிகள் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கருவிக்கும் தனியாக ஒரு கட்டளை மொழியை அவசரத்தில் செய்தார்கள், எல்லாமே அரைகுறை. ஒரே ஒரு நல்ல மொழியை ஒட்டுச் செடிபோலச் செய்துவைத்தால் எந்த மென்பொருளிலும் நட்டுவிடலாமே என்று யோசித்ததில் பிறந்தது டிக்கிள். சிப் வடிவமைப்பு மென்பொருள்களில் அது இன்றும் ஓடுகிறது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்ததிலிருந்து இந்தத் தீவில் பலருக்குச் சம்பளம் சிலிக்கானிலிருந்து வருகிறது. ஆகவே பினாங்கில் ஒரு தமிழர் டிக்கிளுக்காக மேசையைத் தட்டிப் பேசுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1994இல் ஸ்டால்மன் ‘டிக்கிளைப் பயன்படுத்தாதீர்கள்’ என்று எழுதப்போய், அது இணையத்தில் பெரும் வாக்குவாதமானது. “அவர் சொல்லிட்டா நாங்க விட்டுடணுமா?” என்று அண்ணன் இன்னமும் கேட்கிறார்.

ஆனால் எங்கள் எடிட்டரின் நீட்சிகளை எழுதப்போவது அண்ணனைப் போன்றவர்கள் இல்லையே. கோயில் பக்கத்தைக் கவனிக்கும் ஆள் எழுதுவார், எச்டிஎம்எல் கொஞ்சம், சிஎஸ்எஸ் கொஞ்சம் தெரிந்த ஆள். ‘எனக்கு இந்த இடத்தில் ஒரு பொத்தான் வேண்டும்’ என்று நினைப்பவர். அவருக்கு அரைகுறையாகவேனும் தெரிந்த ஒரே நிரல்மொழி ஜாவாஸ்கிரிப்ட். இதைச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் நல்ல மொழி என்று நான் வாதாடுவதாகத் தம்பி நினைத்துக்கொள்கிறான். 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தைச் செய்தார், அந்த அவசரத்தின் தழும்புகள் இன்னும் தெரிகின்றன. என் வாதம் ஆட்களைப் பற்றியது. அரிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே எட்டும் கையிடம் ஒரு கருவி இருக்க வேண்டும்.

இதற்கு எம்மெட்டின் கதையைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. வலைப்பக்கம் எழுதுகிறவர்களுக்கு எம்மெட்டைத் தெரியாமல் இருக்காது. ‘ஒரு பட்டியல், அதற்குள் ஐந்து உருப்படி’ என்பதைக் கணிதச் சூத்திரம்போல ஏழெட்டு எழுத்தில் தட்டி டேப் விசையை அழுத்தினால், முழு எச்டிஎம்எல் விரிந்து நிற்கும். முதலில் அதன் பெயர் ஜென் கோடிங். எம்மெட்டை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தார்கள், வலைத்தொழிலாளிகளின் கருவி என்பதால் அது இயல்புதான். ஆனால் அன்றைக்கு எல்லோரும் வைத்திருந்த சப்லைம் டெக்ஸ்ட் எடிட்டர் நீட்சிகளைப் பைத்தானில் கேட்டது. என்ன செய்வது? பைத்தானுக்குள் கூகுளின் வி8 ஜாவாஸ்கிரிப்ட் எந்திரத்தைத் திணிக்கும் பைவி8 என்ற பாலத்தைப் போட்டார்கள். அதாவது எடிட்டருக்குள் பைத்தான், அதற்குள் வி8, அதற்குள் எம்மெட். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அந்தப் பாலத்தை இறக்க வேண்டும். இறங்கும்போது வைஃபை விட்டுப்போனால் கதை முடிந்தது. மெட்ரிகுலேஷன் பிள்ளைகளுக்கு நான் எடுத்த ஒரு வார இறுதி வகுப்பில், இருபது கணினியில் ஏழில் அது வரவே இல்லை. பாதி வகுப்பு அதைச் சரிசெய்வதில் போனது. பிற்பாடு எம்மெட்டின் மையப் பகுதியையே பைத்தானில் திரும்ப எழுதினார்கள். ஒரே சமையலுக்கு இரண்டு அடுப்பு, இரண்டையும் ஊத வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் விஎஸ் கோட் எடிட்டர் ஜாவாஸ்கிரிப்ட் வீட்டுக்காரர் என்பதால் எம்மெட் அதற்குள் நிறுவாமலேயே இருக்கிறது.

சப்லைமைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அவ்வளவு வேகமான எடிட்டர். ஆனால் இரவல் மொழியின் இன்னொரு சங்கடத்தையும் அதிலேயே பார்க்கலாம். சப்லைம் 2 பைத்தான் 2.6ஐ வைத்திருந்தது. சப்லைம் 3 பைத்தான் 3.3க்கு மாறியது, பழைய நீட்சிகள் பல நின்றுபோயின. 2021இல் வந்த சப்லைம் 4, பைத்தான் 3.8ஐச் சேர்த்துக்கொண்டு 3.3ஐயும் கூடவே ஓட்டியது. ஒரு எடிட்டருக்குள் இரண்டு பைத்தான். மொழியை வெளியிலிருந்து எடுத்தால் அதன் வயதும் நோயும் சேர்ந்தே வரும்.

ஈமேக்ஸுக்கும் விம்முக்கும் அந்தத் தொல்லை இல்லை. அந்த மொழிகள் சொந்தச் சரக்கு, நினைத்தபோது நினைத்தபடி வைத்துக்கொள்ளலாம். அதற்கு விலை வேறு: வெளியே அதைத் தெரிந்தவர் யாரும் இல்லை, ஒவ்வொருவரும் புதிதாகப் படிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே கணினியில் ஏற்கெனவே கிடப்பதை வைத்து ஓட்டுவோம் என்று ஒரு வழி உண்டு. 2004இல் மேக்குக்கு வந்த டெக்ஸ்ட்மேட் அப்படித்தான். ரூபியோ பைத்தானோ ஷெல்லோ, எதில் வேண்டுமானாலும் எழுது, தேர்ந்தெடுத்த உரையை உன் நிரலின் உள்ளீடாக ஊற்றுகிறேன், நீ வெளியே கக்குவதைத் திரும்ப ஒட்டிக்கொள்கிறேன் என்றது. எவ்வளவு எளிது! ஆனால் அந்தக் கணினியில் ரூபியின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது ஆப்பிளின் கையில். 2022இல் மேக்ஓஎஸ் 12.3இல் பைத்தான் 2ஐ எடுத்தேவிட்டார்கள். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடித்த மாதிரிதான். ஆனாலும் அந்த ஊற்று, கக்கு முறை எனக்குப் பிடித்துப்போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, லுவா. தம்பியின் கட்சி பலமான கட்சி. 1993இல் ரியோ டி ஜெனீரோவில் உள்ள பொந்திஃபீசியா கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபெர்த்தோ இயருசலிம்ஸ்கியும் இரு நண்பர்களும் செய்த மொழி. போர்த்துகீசியத்தில் லுவா என்றால் நிலா. இன்னொரு மென்பொருளுக்குள் குடியிருப்பதற்கென்றே பிறந்தது. மூலநிரல் முழுவதும் முப்பதாயிரம் வரி அளவில்தான், எந்த சி நிரலோடும் சேர்த்துத் தொகுத்துவிடலாம். நீட்சிக்குக் கோப்பைத் திறக்கும் உரிமை கொடுக்கக் கூடாதா? கோப்பு நூலகத்தை ஏற்றாமல் விட்டால் போதும், அது இருந்ததாகவே நீட்சிக்குத் தெரியாது. கல்லாப்பெட்டிக் கவலைக்கு இதைவிடச் சுத்தமான மருந்து கிடையாது. மைக்ரோ, டெக்ஸ்டடெப்ட், ஸ்கைட் என்று லுவாவை உள்ளே வைத்த எடிட்டர்கள் நிறைய. எடிட்டர் மட்டும் என்றால் நானும் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

தமிழ் உள்ளே வந்ததும் கணக்கு மாறுகிறது. யூனிகோடில் ‘பினாங்கு’ எட்டுக் குறியீடுகள்: ப, இகரக் குறி, ன, ஆகாரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். எட்டு மூன்று இருபத்து நான்கு. லுவாவின் சரம் (உரைத் துண்டு) என்பது பைட் வரிசை, அவ்வளவுதான். நீளம் கேட்டால் பைட்டை எண்ணிச் சொல்கிறது. லுவா 5.3இல் யுடிஎஃப்-8க்கு ஒரு சிறு நூலகம் வந்தது, அது குறியீடுகளை எண்ணும், எட்டு என்னும். வேடிக்கை என்னவென்றால் நியோவிம் பயன்படுத்தும் வேகமான லுவாஜிட், 5.1 வழக்கத்திலேயே நிற்பதால் அந்த நூலகம் அதில் இல்லை. நியோவிம் தன் பங்குக்கு வேறு சில செயல்கூறுகளைக் கொடுக்கிறது. அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சோதித்துவிட்டுச் செய்தி அனுப்பினார்: “எங்க டிக்கிளும் எட்டுதான் சொல்லுது.”

பைட்டை எண்ணினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டவர்களுக்கு என் பழைய காயத்தைக் காட்டினேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்துக்கு வேலை செய்தேன். தலைப்பு நீண்டால் வெட்டி மூன்று புள்ளி வைக்கும் ஒரு துண்டு நிரல் அங்கே முன்பே இருந்தது. எழுபதில் வெட்டு என்று எழுதியிருந்தார்கள். அது எழுபது பைட். ஆங்கிலத் தலைப்புகளுக்குப் பொருத்தமான வரம்பு, தமிழில் இருபத்து மூன்று குறியீடு தாண்டுவதற்குள் கத்தி இறங்கிவிடும். அதுவும் மூன்று பைட்டுக்கு நடுவில் இறங்கினால் கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அதைச் சரிசெய்கிறேன் என்று நான் குறியீட்டுக் கணக்குக்கு மாற்றினேன். சாய்சதுரம் போயிற்று. வேறொன்று வந்தது. ‘கோயில்’ என்ற சொல்லில் புள்ளிக்கு முன் வெட்டு விழுந்து ‘கோயில’ என்று நின்றது. ‘பினாங்கு’ ஏழில் வெட்டுப்பட்டு ‘பினாங்க’ ஆனது. சாய்சதுரத்தை யாராவது பார்த்துப் புகார் சொல்வார்கள். ‘பினாங்க’ என்பதை எழுத்துப்பிழை என்று நினைத்து, நிருபரைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் கத்தி என்னுடையது என்று தெரிந்தது.

நமக்கு வேண்டியது நான்கு என்ற விடை. யூனிகோட் இதை எழுத்துத் தொகுதி என்று தனியாக வரையறுத்திருக்கிறது: உயிர்மெய்க் குறியும் புள்ளியும் முன்னால் நிற்கும் மெய்யோடு ஒட்டியே எண்ணப்பட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கென்று இன்ட்டல் செக்மென்ட்டர் என்ற கருவி மொழியோடேயே வருகிறது. குரோமில் 2020இலும் ஃபயர்பாக்ஸில் 2024இலும் வந்தது. ‘பினாங்கு’ கொடுத்தால் நான்கு. ‘கோலாலம்பூர்’ கொடுத்தால் ஆறு. கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம். பைத்தானில் வெளி நூலகம் தேவை, லுவாவில் நாமே எழுத வேண்டும்.

தேடலிலும் இதே கதைதான். ‘ஒரு சொல்’ என்பதைக் குறிக்கும் சுருக்கக் குறியை ரெகெக்ஸில் (தேடல் வடிவங்களை எழுதும் முறையில்) எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறோம். ஜாவாஸ்கிரிப்டில் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். தமிழைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. பைத்தான் 3 தமிழை அறியும் என்று சொல்வார்கள். டீச்சர் அந்த நம்பிக்கையில் ஒரு சொல்லெண்ணி எழுதினார். ‘பினாங்கு’ என்ற ஒரே சொல் நான்கு சொல்லாக வந்தது: ப, ன, ங, க. பைத்தான் மெய்யெழுத்தை எழுத்து என்கிறது, அதன் குறிகளை எழுத்தில் சேர்ப்பதில்லை, அந்த இடங்களில் சொல் உடைந்துவிடுகிறது. “நான் போட்ட சுழியெல்லாம் எங்கே போச்சு தம்பி?” என்று டீச்சர் கேட்டது எங்கள் குழுவில் பழமொழியாகிவிட்டது. ஜாவாஸ்கிரிப்டில் 2018க்குப் பிறகு ‘எழுத்து அல்லது எழுத்தோடு ஒட்டும் குறி’ என்று யூனிகோட் பண்பைச் சொல்லியே தேட முடிகிறது. பைத்தானின் உள்ளிருப்புத் தேடலில் அந்த வசதி இல்லை, அதற்கும் வெளி நூலகம்தான்.

கோலாலம்பூர்க்காரரான முத்து நெடுமாறன் 1980களில் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தொடங்கியதும், 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியதும், அந்தக் காலத்தில் ஆளுக்கொரு குறியாக்கம் வைத்துக்கொண்டு பட்ட பாடும் இந்நாட்டில் கணினியில் தமிழ் தட்டிய எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. யூனிகோட் வந்து அந்தச் சண்டை ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும், குறியீட்டை எழுத்தாக எண்ணும் பழக்கம் நிரலர்களிடம் தங்கிவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்று என்பதால் வந்த வினை.

இதன் நிழல் எதிர்பாராத இடத்தில் விழுகிறது. 2016இல் மைக்ரோசாஃப்ட் மொழிச் சேவையக நெறிமுறை என்ற ஒன்றை அறிவித்தது. பிழை கண்டுபிடித்தல், சொல் நிரப்பல் முதலான வேலைகளைத் தனி நிரலாக ஓடவிட்டு, எந்த எடிட்டரும் அதோடு பேசலாம் என்ற ஏற்பாடு. அதில் ‘பிழை இந்த வரியில் இத்தனையாவது இடத்தில்’ என்று சொல்வதற்கு யுடிஎஃப்-16 அலகை அளவுகோலாக வைத்தார்கள். ஏன் அது? விஎஸ் கோட் ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தில் பிறந்தது, ஜாவாஸ்கிரிப்ட் சரங்கள் யுடிஎஃப்-16. உள்ளே பைட்டில் எண்ணும் எடிட்டர் ஒழுங்காக மாற்றிக் கணக்கிடாவிட்டால், வரியின் தொடக்கத்தில் ‘பினாங்கு’ என்று ஒரு சொல் இருந்தாலே போதும், அதற்குப் பின்னால் வரும் பிழைக்கு இட்ட சிவப்புக் கோடு பதினாறு இடம் தள்ளிப்போய் நிற்கும். 2022இல் நெறிமுறையின் 3.17 பதிப்பில், எந்த அளவுகோல் என்று இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். ஆறு ஆண்டுக்கு முன் ஒரு எடிட்டர் எடுத்த மொழி முடிவு மற்ற எல்லா எடிட்டர்களின் கணக்குப் புத்தகத்திலும் ஏறியிருந்தது.

அப்புறம், டீச்சர் ஒரு நாள் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் சுருக்கிவிட்டது. “இதைப் பள்ளிக்கூடத்துக் குரோம்புக்கில் திறக்க முடியுமா?” பிள்ளைகளின் கையில் இருப்பது அதுதான், அதில் எதையும் நிறுவ அனுமதி கிடையாது. உலாவிக்குள் ஓட வேண்டும் என்றால், ஓடக்கூடியது ஜாவாஸ்கிரிப்டும், வேறு மொழி நிரல்களை உலாவிக்காகத் தொகுக்கும் வடிவமான வெப்அசெம்ப்ளியும்தான். மற்றதெல்லாம் இவற்றில் ஒன்றின் முதுகில் ஏறித்தான் வர வேண்டும். பைத்தானையே வெப்அசெம்ப்ளியாக்கி உலாவியில் ஓட்டலாம், ஆனால் பல மெகாபைட் இறங்கும்வரை பள்ளி வைஃபை பொறுக்காது.

விஎஸ் கோடின் நீட்சிக்காரர்கள் இந்தச் சுவரில் ஏற்கெனவே முட்டியிருக்கிறார்கள். 2021இல் அது உலாவியிலேயே திறக்கும்படி வந்தபோது, நீட்சிகள் உலாவியின் வெப் ஒர்க்கருக்குள், அதாவது பக்கத்திலிருந்து பிரிந்து ஓடும் தனி அறைக்குள் ஓட வேண்டியதாயிற்று. மொழி அதே ஜாவாஸ்கிரிப்ட். ஆனால் வட்டில் கோப்பைத் தேடிப் படிப்பது, வேறொரு நிரலைக் கிளப்புவது என்று உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் தரும் சலுகைகள் அங்கே கிடையாது. மேசைக்கணினியில் ஓடிய நீட்சிகள் பல உலாவியில் எழுந்திருக்கவே இல்லை. ஒரே மொழியில் எழுதியும் நீட்சி இடம் மாறி ஓடாது, கதவு மாறினால் கதை மாறும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மேசைக்கணினியில் ஒரு விஎஸ் கோட் நீட்சிக்கு, அதை நிறுவியவருக்கு உள்ள எல்லா உரிமையும் உண்டு. எடிட்டரிலிருந்து பிரிந்து தனி நிரலாக ஓடுவதால் அது மாட்டிக்கொண்டாலும் எடிட்டர் உறையாது, அது பெரிய நன்மை. ஆனால் உங்கள் வீட்டுக் கோப்புறையைத் திறந்து பார்க்க அதற்குத் தடையில்லை. கல்லாப்பெட்டி திறந்தே கிடக்கிறது.

2022 டிசம்பரில் மூடப்பட்ட ஏட்டம் எடிட்டரைச் செய்தவர்களில் சிலர் அடுத்து ஸெட் என்ற எடிட்டரைச் செய்யும்போது, ரஸ்ட் என்ற மொழியில் எழுதி வெப்அசெம்ப்ளியாக்கிய நீட்சிகளைத் தேர்ந்தார்கள். பெட்டிக்குள் ஓடும், கொடுத்ததை மட்டும் தொடும். பாதுகாப்புக்கு அருமை. கோயில் பக்கம் எழுதும் நபர் ரஸ்ட் படிப்பாரா என்றால், மாட்டார்.

இவ்வளவு பேசி முடித்தபோது விடை ஏறக்குறையத் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் எடிட்டர் உலாவிக்குள் ஓடுகிறது. நீட்சி மொழி ஜாவாஸ்கிரிப்ட். ஒவ்வொரு நீட்சியும் தனி ஒர்க்கரில். பக்கத்தை அது நேராகத் தொட முடியாது, ‘இந்தப் பத்தியைக் கொடு’, ‘இதை இப்படி மாற்று’ என்று செய்தி அனுப்பித்தான் கேட்க வேண்டும். வெளி வலைத்தொடர்பு வேண்டுமென்றால் முன்பே பெயர் கொடுத்துப் பயனரின் அனுமதி வாங்க வேண்டும். லுவாவிடம் தம்பிக்குப் பிடித்த கட்டுப்பாட்டை மொழிக்கு வெளியே, கதவில் வைத்துவிட்டோம் என்று சொன்னபோது அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. சின்ன மேசைக்கணினிப் பதிப்புக்கு குயிக்ஜேஎஸ் என்ற குட்டி எந்திரத்தை வைக்கலாமா என்று அவன் ஒரு வாரம் முயன்றான். ஃபப்ரிஸ் பெல்லார்டு 2019இல் வெளியிட்டது, அவ்வளவு கச்சிதம். ஆனால் கச்சிதத்துக்காக அதில் விட்டுவிட்டவற்றில் இன்ட்டலும் ஒன்று. செக்மென்ட்டர் இல்லை. மறுபடி எட்டு. கைவிட்டோம்.

எண்ணிக்கை நீட்சி எழுதுகிறவரின் பாடாக இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். எங்கள் கதவு இடங்களை எழுத்தாகவே பேசும். ‘நான்காவது எழுத்தில் வெட்டு’ என்றால் நான்காவது எழுத்துதான், உள்ளே குறியீட்டுக்கு மாற்றுவது எடிட்டரின் வேலை. உரை உள்ளே வரும்போதே அதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். ‘கோ’ என்பதைச் சில பழைய கோப்புகள் ஓகாரக் குறி ஒன்றாகவும், சில ஏகாரக் குறியும் ஆகாரக் காலுமாகவும் வைத்திருக்கும். திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது.

அண்ணனுக்கும் ஒரு கதவு வைத்தோம். மேசைக்கணினிப் பதிப்பில் மட்டும், டெக்ஸ்ட்மேட் செய்த மாதிரி, தேர்ந்தெடுத்த உரையை எந்த வெளி நிரலுக்கும் ஊற்றி, வருவதை வாங்கிக்கொள்ளும் கட்டளை ஒன்று உண்டு. அவர் அதில் டிக்கிளில் எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டுகிறார், தைப்பூசப் பந்தல் பட்டியலை அட்டவணையாக்குவது. நாற்பது வரி. நன்றாகவே வேலை செய்கிறது, அதைச் சொல்லிக்காட்டாத ஞாயிறு இல்லை.

போன மாதம் முதல் வெளி ஆள் எழுதிய நீட்சி வந்தது. ஒரு கோயிலின் பக்கத்தைக் கவனிக்கும் அக்கா எழுதியது. தலைப்பு நாற்பது எழுத்தைத் தாண்டினால் ஓரத்தில் சிவப்பாகக் காட்டும், அவ்வளவுதான், பதினெட்டு வரி. இரண்டு நாள் கழித்து அழைத்தார். “தம்பி, ‘ஸ்ரீ’ன்னு ஒரு எழுத்துத்தான் போட்டேன், ரெண்டுன்னு காட்டுதே?” பார்த்தேன். உண்மைதான். ஸ், ரீ என்று செக்மென்ட்டர் அதை இரண்டு தொகுதியாகப் பிரிக்கிறது. ‘க்ஷ’வையும் அப்படியே. யூனிகோடின் பொது விதியில் தமிழுக்கு அவை ஒட்டுவதில்லை. “அது ரெண்டெழுத்துதானே அக்கா, ஸ் ஒன்னு, ரீ ஒன்னு” என்று சமாளித்துப் பார்த்தேன். “எங்க கோயில் போர்டுல ஒன்னாத்தான் எழுதியிருக்கு” என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது பேச வேண்டியது அதுதான்.